உப்புக் காற்றின் மேல் பழி போடாதீர்கள்

அனுப்புநர்:
சவுண்ட் சர்வீஸ் உரிமையாளர்,
உச்சிப்புளி, இராமநாதபுரம் மாவட்டம்.
(பெயரும் முழு முகவரியும் பில்லில் உள்ளபடி)

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
பழைய கார் ஆடியோ விற்பனைப் பிரிவு,
சென்னை.

பொருள்: உள்ளே திறந்து சோதித்தது என்று சொல்லி விற்ற பழைய நாலு சேனல் ஆம்ப்ளிஃபயர், முழுச் செம்பு என்று சொல்லி விற்ற வயர் கிட் ஆகியவற்றுக்குப் பணம் திருப்பிக் கேட்டல்.

ஐயா / அம்மா,

வணக்கம். நான் அனுப்பிய ஆம்ப்ளிஃபயரை ரிப்பேர் செய்யாமலே உங்கள் சர்வீஸ் சென்டர் திருப்பி அனுப்பியிருக்கிறது. கூடவே ஒரு தாள். "கடலோரப் பயன்பாட்டால் போர்டில் உப்பு அரிப்பு. தகுதியில்லாதவர் செய்த வயரிங். வாரண்டி பொருந்தாது." இவ்வளவுதான் அதில் இருக்கிறது. இதை எழுதித் தர 590 ரூபாய் பரிசோதனைக் கட்டணமும் வாங்கிக்கொண்டீர்கள். போன் செய்தால் ஒவ்வொரு முறையும் வேறொருவர் எடுத்து, "சார், உங்க கம்ப்ளைன்ட் க்ளோஸ் ஆயிடுச்சு" என்கிறார். அதனால் எழுத்தில் தருகிறேன்.

தகுதியில்லாதவர் என்று எழுதியவருக்கு ஒரு செய்தி. நான் ரேடியோ செட் கட்டுகிறவன். ஏர்வாடி சந்தனக்கூடு, தங்கச்சிமடம் சர்ச் திருவிழா, சுற்றுவட்டாரக் கல்யாணம் காதுகுத்து என்று குழாய் ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் தூக்கிக்கொண்டு அலைகிற பிழைப்பு. பாம்பனுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கடல் காற்றோடு மல்லுக்கட்டுவதிலேயே எங்கள் வேலையில் பாதி போகும். உப்பு ஒரு கருவியில் எங்கே முதலில் கை வைக்கும், எங்கே கடைசியில் போகும் என்பது எனக்குத் தெரியும். இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வந்ததே அதுதான்.

வாங்கிய பொருள் கடைக்கு இல்லை, எங்கள் குடும்பக் காருக்கு. பழைய ஸ்விஃப்ட். கம்பெனி ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு முன் கதவுகளில் ஆறரை இஞ்ச் காம்போனன்ட்டும் பின்னால் ஓவல் ஸ்பீக்கரும் போட்டேன். எல்லாம் 4 ஓம், 60 வாட் ஆர்எம்எஸ் (ஆர்எம்எஸ் என்றால் உச்ச அளவு இல்லை, தொடர்ந்து ஓடும் அளவு). டேஷ்போர்டு ஸ்டீரியோ அவ்வளவு சக்தி தராது. பெட்டியில் "50 வாட் x 4" என்று அச்சடித்திருந்தாலும் அது உச்ச அளவு. தொடர்ந்து தருவது இருபது வாட்டுக்குப் பக்கத்தில்தான் நிற்கும். அதனால்தான் உங்கள் தளத்தில் "60 வாட் ஆர்எம்எஸ் x 4, உள்ளே திறந்து சோதித்தது, ஆறு மாத வாரண்டி" என்று போட்டிருந்த இந்த ஆம்ப்ளிஃபயரை 6,800 ரூபாய்க்கு வாங்கினேன். வயர் கிட்டுக்குத் தனியாக 1,900.

முதலில் அந்தக் கிட் கதையைச் சொல்லிவிடுகிறேன். அட்டையில் "4 கேஜ், நூறு சதவீதம் செம்பு" என்று அச்சடித்திருக்கிறது. நுனியைச் சீவினால் தடியான பிளாஸ்டிக் உறைக்குள் இளைத்த கம்பிக் கற்றை. 4 கேஜ் என்றால் சுமார் 21 சதுர மில்லிமீட்டர் உலோகம் இருக்க வேண்டும். இதில் அதில் பாதி கூடத் தேறாது. ஒரு இழையை எடுத்து பிளேடால் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. லைட்டரைக் காட்டியதும் சிவக்காமல் தொய்ந்து விழுந்தது. அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியிருக்கிறீர்கள்.

செம்பு கடத்துகிற மின்சாரத்தில் சுமார் 60 சதவீதம்தான் அலுமினியம் கடத்தும் என்பது ஒரு பக்கம். எங்கள் ஊருக்கு அதைவிடப் பெரிய தொல்லை வேறு. செம்பும் அலுமினியமும் ஒட்டியிருக்கிற இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். நட்டு இறுக்கமாக இருப்பது போலவே தெரியும், உள்ளே பிடிப்பு போயிருக்கும், சூடேறும். பேட்டரியிலிருந்து டிக்கி வரை காருக்குள் ஓடுகிற வயர் இது. உப்புக் காற்றைப் பற்றி இவ்வளவு அக்கறை உள்ள நிறுவனம் இந்த வயரை உச்சிப்புளி முகவரிக்கு அனுப்பும்போது கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

அந்த வயரை நான் காரில் போடவே இல்லை. மண்டபம் ஊரில் படகுகளுக்கு வெல்டிங் செய்கிற பட்டறையில் சொல்லி, 25 சதுர மில்லிமீட்டர் வெல்டிங் கேபிள் வாங்கினேன். சுத்தமான செம்பு, நூல் போன்ற இழைகள், வளைத்த பக்கம் வளையும். பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு முழத்துக்குள் 50 ஆம்பியர் மெயின் ஃபியூஸ். எஞ்சின் பக்கத் தகட்டில் வயர் நுழையும் ஓட்டைக்கு ரப்பர் புஷ். பவர் வயர் இடது ஓரம், ஸ்டீரியோவிலிருந்து பாட்டுச் சிக்னல் கொண்டுவரும் ஆர்சிஏ வயர் வலது ஓரம். இரண்டையும் சேர்த்து ஓட்டினால் ஆக்சிலரேட்டர் மிதிக்கிற போதெல்லாம் ஸ்பீக்கரில் விசில் கேட்கும். எர்த்துக்கு டிக்கியில் பெயின்ட்டைத் தகடு தெரியும்வரை சுரண்டி, பல் வாஷர் வைத்து இறுக்கி, மேலே கிரீஸ் பூசினேன். ஆம்ப்ளிஃபயரை ஆன் செய்கிற ரிமோட் வயர் ஸ்டீரியோவிலிருந்து. எஞ்சின் ஓடி, பாட்டும் சத்தமாக ஓடும்போது பேட்டரியில் 14.2 வோல்ட், ஆம்ப்ளிஃபயர் முனையில் 14.1. இந்த வயரிங்கில் என்ன தவறு என்று உங்கள் தாள் ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது, உங்கள் ஆள் யாரும் காரைப் பார்க்கவில்லை.

கெயினையும் (சிக்னலை எவ்வளவு பெருக்குவது என்கிற திருகு) கண்ணை மூடிக்கொண்டு திருகவில்லை. 4 ஓமில் 60 வாட் என்றால் ஸ்பீக்கர் முனையில் 15.5 வோல்ட். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, டெஸ்ட் டோன் போட்டு, மீட்டர் வைத்து 14 வோல்ட்டிலேயே நிறுத்தினேன். முன் கதவு ஸ்பீக்கர்களுக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அடித்தொனியை வெட்டிவிட்டேன்.

ஃபியூஸ் விஷயத்தை உங்களுக்கு அப்போதே மெயிலில் எழுதினேன், போட்டோவும் அனுப்பினேன். இந்த மாடலுக்கு 25 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டு என்று ஆம்ப்ளிஃபயரின் முதுகிலேயே அச்சு இருக்கிறது. பெட்டியைத் திறந்தபோது இரண்டு இடத்திலும் செருகியிருந்தது ஆரஞ்சு நிற 40 ஆம்பியர். எவரும் ஆசைக்காகப் பெரிய ஃபியூஸ் போடுவதில்லை. சரியானது போட்டால் திரும்பத் திரும்ப எரிந்துபோகிறது, அதனால்தான் போடுவார்கள். உங்களுக்கு முன் வைத்திருந்தவர் கையிலேயே இதில் ஏதோ கோளாறு இருந்திருக்கிறது, நீங்கள் உள்ளே திறந்து சோதித்திருந்தால் அது தெரிந்திருக்க வேண்டும். உங்கள் பதில், "யூ கேன் ரீப்ளேஸ் த ஃபியூஸ் சார்." சரி என்று 25 ஆம்பியர் வாங்கிப் போட்டேன்.

கொஞ்ச நாள் நன்றாகத்தான் பாடியது. குறை சொல்ல மாட்டேன், கிளாஸ் ஏபி என்கிற பழைய வகை ஆம்ப்ளிஃபயரில் குரல் தெளிவாக வரும். பிறகு ஒரு நாள் தனுஷ்கோடி போய்விட்டுத் திரும்புகிறோம். தங்கச்சிமடம் தாண்டும்போது பின்னால் இடது பக்கம் 'டொப்' என்று ஒரு சத்தம், அப்புறம் அந்தப் பக்கம் பாட்டே இல்லை. "என்னங்க, ஏதோ கருகுற வாடை வருதே" என்றாள் என் மனைவி. ஸ்பீக்கருக்குள் இருக்கிற கம்பிச் சுருளின் (காயில்) வார்னிஷ் எரிகிற வாடை எனக்குப் பழக்கம். ஓரம் கட்டி மெயின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுப் பார்த்தேன். ஓவல் ஸ்பீக்கரின் கோன் வெளியே தள்ளி நிற்கிறது, விரலால் அழுத்தினால் உள்ளே போகாமல் கரகரவென்று உரசுகிறது.

வீட்டுக்கு வந்து நாலு ஸ்பீக்கரையும் கழற்றிவிட்டு, பாட்டு இல்லாமல் ஆம்ப்ளிஃபயரை மட்டும் ஆன் செய்து முனைகளில் டிசி (நேர்மின்சார) வோல்ட் பார்த்தேன். மூன்று சேனலில் இருபது, முப்பது மில்லிவோல்ட். அது சரியான அளவு. பின் இடது சேனலில் 22 வோல்ட். அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகி உள்சப்ளை அப்படியே ஸ்பீக்கருக்குப் போயிருக்கிறது. 4 ஓம் ஸ்பீக்கரில் அது 120 வாட்டுக்கு மேல், நேர்மின்சாரமாக. எந்தக் காயிலும் நிற்காது. இப்படி டிசி வந்தால் ஆம்ப்ளிஃபயரே தன்னை நிறுத்திக்கொண்டு சிவப்பு புரொடெக்ட் விளக்கைக் காட்ட வேண்டும். அப்போதும் காட்டவில்லை, வீட்டில் சோதித்தபோதும் காட்டவில்லை. ஏன் என்று உங்கள் தாளில் தேடினேன், அதைப் பற்றி மூச்சே இல்லை.

இனி உப்புக்கு வருகிறேன். ஆதாரமாக நீங்களே ஒரு போர்டு போட்டோ அனுப்பியிருக்கிறீர்கள். உங்கள் முத்திரையை நான் உடைக்கவில்லை, உள்ளே என்ன இருந்தது என்று எனக்குக் காட்டியதே அந்தப் போட்டோதான். நன்றி. அதைப் பெரிதாக்கிப் பாருங்கள். எட்டு அவுட்புட் டிரான்சிஸ்டர்களில் ஆறின் மேல் ஒரே மாதிரி எழுத்து, ஒரே மாதிரி மங்கல். பின் இடது சேனலின் இரண்டு மட்டும் வேறு தயாரிப்பு, எழுத்து புதிதாக இருக்கிறது. அந்த இரண்டின் காலடியில் மட்டும் ஈயம் பளபளக்கிறது. அதைச் சுற்றித்தான் நீங்கள் அம்புக்குறி போட்ட பச்சைப் பூப்பு இருக்கிறது.

அது உப்பு இல்லை. ஈயம் வைத்தவர் துடைக்காமல் விட்ட சால்டரிங் பேஸ்ட். அமிலம் கலந்த மலிவுப் பேஸ்ட்டைக் கழுவாமல் விட்டால் ஈரத்தை இழுத்துக்கொண்டு செம்புத் தடத்தைப் பச்சையாக அரிக்கும். திருச்சியில் வைத்தாலும் அரிக்கும். பழுப்பாகக் கருகிய பிசின் அந்தப் பச்சைக்கு அடியில் அதே போட்டோவில் தெரிகிறது. ரிப்பேர் எனக்கு விற்பதற்கு முன்னால் நடந்திருக்கிறது.

கடல் காற்று வேலை செய்கிற விதமே வேறு. எங்கள் கடை ஆம்ப்ளிஃபயர்களை வந்து பாருங்கள். முதலில் வெளி ஸ்குரூ தலைகள் துருப்பிடிக்கும். பிறகு ஸ்பீக்கர் டெர்மினலும் ஆர்சிஏ சாக்கெட்டும் பச்சை பிடிக்கும். சூட்டை வெளியேற்றுகிற ஹீட்சிங்க்கின் அலுமினிய விளிம்பில் வெள்ளைப் புள்ளி விழும். போர்டு கடைசியில்தான். உங்கள் போட்டோவில் டெர்மினல் பித்தளை பளிச்சென்று இருக்கிறது, ஸ்குரூ எதிலும் துரு இல்லை. வெளியே இருக்கிற எதையும் தொடாமல் மூடிய பெட்டிக்குள் புகுந்து, எட்டில் இரண்டு டிரான்சிஸ்டரை மட்டும் தேடிப் பிடிக்கிற உப்புக் காற்று இந்த மாவட்டத்தில் வீசுவதில்லை.

இன்னொன்றும் கேட்கிறேன். கடலோரத்தில் பயன்படுத்தினால் வாரண்டி இல்லை என்று ஆர்டர் எடுக்கும்போது எங்கே எழுதியிருக்கிறது? தளத்தில் இல்லை, வாரண்டி அட்டையில் இல்லை, பில்லிலும் இல்லை. தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, பாம்பன் எல்லாம் கடலோரம்தான் என்று டெலிவரி முகவரியைப் பார்த்தாலே தெரியும். அதே போல, உங்கள் அங்கீகாரம் பெற்ற சென்டரில்தான் மாட்ட வேண்டும் என்கிறார் கஸ்டமர் கேர் அம்மா. எங்களுக்கு அருகில் அப்படி ஒன்று மதுரையில் இருக்கிறதாம். இராமநாதபுரத்திலிருந்தே நூறு கிலோமீட்டருக்கு மேல். வீட்டிலேயே மாட்டிக்கொள்ளலாம் என்று விளம்பரம் போட்டு வயர் கிட்டும் சேர்த்து விற்கிறவர்கள் பேசுகிற பேச்சா இது?

எனக்கு வர வேண்டிய கணக்கு: ஆம்ப்ளிஃபயர் 6,800, வயர் கிட் 1,900, எரிந்த ஓவல் ஸ்பீக்கருக்கு 4,200 (ஜோடியாகத்தான் விற்கிறார்கள், ஒற்றை கிடைக்காது), கூரியர் 340, உங்கள் பரிசோதனைக் கட்டணம் 590. மொத்தம் 13,830 ரூபாய். வெல்டிங் கேபிள் காசைக் கேட்கவில்லை, அது என் காரில் இருக்கிறது. ரிப்பேர் செய்து தருகிறோம், வேறு பழையது தருகிறோம் என்பதெல்லாம் வேண்டாம். பணமாக வேண்டும்.

2020 இ-காமர்ஸ் விதிகளின்படி குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பொருள் எதனால் ஆனது என்பதில் பொய் சொல்லி விற்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முறையற்ற வணிக நடைமுறை. அந்தச் சட்டத்தின்படி நான் சென்னைக்கு வந்து வழக்குப் போட வேண்டியதில்லை. வசிக்கிற மாவட்டமான இராமநாதபுரத்து நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம், 5 லட்சம் ரூபாய் வரை மனுக் கட்டணமும் இல்லை. ஒரு மாதத்துக்குள் பணம் வராவிட்டால் அங்கே போவேன். சீவிய வயர்த் துண்டு, 40 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டு, எரிந்த ஸ்பீக்கர், உங்கள் போட்டோவின் பெரிய பிரின்ட் எல்லாம் கடையில் ஒரு பையில் பத்திரமாக இருக்கின்றன.

ஆம்ப்ளிஃபயரும் கிட்டும் உங்களுக்குத் திரும்ப வேண்டுமென்றால் ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். மறுபடியும் கூரியருக்கு என் கையிலிருந்து காசு தர மாட்டேன்.

இப்படிக்கு,
பில்லில் உள்ள வாடிக்கையாளர்,
உச்சிப்புளி.