ஆண்டறிக்கை 2024–25: கூகைப் பெட்டியும் சந்தா பாக்கியும்

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வராத உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு நான்கு முறை கூட்டப்பட்டது. இரண்டு முறை கூட்டம் நடத்தத் தேவையான அளவுக்கு ஆள் வரவில்லை. அக்டோபரில் வன உயிரின வாரத்தையொட்டிப் பள்ளியில் ஓவியப் போட்டி நடந்தது. ஜனவரியில் வடுவூர் ஏரியில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு. அதற்கு எடுத்துச் சென்ற தொலைநோக்கிகளில் ஒன்று இன்னும் திரும்பவில்லை, வைத்திருப்பவருக்குத் தெரியும்.

வயல் எலியைத் தின்னும் ஆந்தையான கூகை தங்குவதற்குக் கம்பத்தில் மரப்பெட்டி வைக்கும் கூகைப் பெட்டித் திட்டத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. "பெட்டிக்குப் போட்ட காசு தண்டம்" என்ற பேச்சு டீக்கடை வரை போயிருக்கிறது.

நம் பகுதியில் கூகை குடியிருந்தது கோபுரப் பொந்திலும் பழைய நெற்களஞ்சியத்திலும் பட்டுப்போன பனையிலும்தான். களஞ்சியம் போய்விட்டது. குடமுழுக்குத் திருப்பணி வந்தால் கோபுரப் பொந்துகளுக்கு வலை அடிக்கிறார்கள். உள்ளே குஞ்சு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடியுங்கள் என்று எழுத்தில் கேட்டோம், பதில் இல்லை. ஆகவேதான் பன்னிரண்டு பெட்டிகள்.

அளவு இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். வாசல் ஆறு அங்குலச் சதுரம். அடிப்பலகையிலிருந்து எட்டு அங்குலம் மேலே இருக்க வேண்டும், தாழ்ந்திருந்தால் குஞ்சு தவறி விழும். முட்டையிடும் மூலை இருட்டாக இருக்க உள்ளே ஒரு பாதித் தடுப்பு. கம்பம் பதினைந்து அடி, அதில் மூன்றடி மண்ணுக்குள். நடுவில் தகரம் சுற்றாவிட்டால் மரநாய் ஏறிவிடும். வாசலை வடகிழக்கே வைத்தால் ஐப்பசிச் சாரல் உள்ளே இறங்கும். மேற்கே வைத்தால் பங்குனி வெயில். முதலில் நட்ட மூன்றை மேற்குப் பார்த்து வைத்தது என் தவறு, திருப்பி வைத்தாயிற்று. இரண்டில் மைனா புகுந்துகொண்டது. ஒன்றில் தேனீ. ஐந்தில் கூகை தங்கியது, மூன்றில் குஞ்சு பொரித்தது. முதல் வருடத்துக்கு இது மோசமில்லை என்பது என் கருத்து.

எலி ஏன் இந்த ஆண்டு இவ்வளவு என்று கேட்கிறார்கள். மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12இல் திறக்கவில்லை, ஜூலை 28இல்தான் திறந்தது. ஆழ்துளைக் கிணறு வைத்திருந்தவர் முன்னால் நட்டார், ஆற்றுத் தண்ணீரை நம்பியவர் பின்னால் நட்டார். ஒரு வயல் அறுத்து முடிக்கும்போது பக்கத்து வயல் கதிர் விடுகிறது. எலிக்குப் பந்தி ஓயவே இல்லை. இதற்குக் கூகை மட்டும் போதாது என்று போன பொதுக்குழுவிலேயே சொன்னேன். வரப்பை ஒன்றரை அடி அகலம், ஓரடி உயரத்துக்கு மேல் விடக்கூடாது. பருத்த வரப்புதான் எலிக்கு வீடு. எலி பிடிக்கும் மூங்கில் பொறியான தஞ்சாவூர்க் கிட்டி ஒரு மா நிலத்துக்கு (ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு) பன்னிரண்டு, பதின்மூன்று வேண்டும், அதுவும் எல்லா வயலிலும் ஒரே வாரத்தில். தென்னை மட்டையைத் தலைகீழாக நட்டால் பகலில் கரிச்சான், இரவில் கூகை வந்து உட்காரும். கதிர் பால் பிடிக்கும் முன் வயலுக்குள் நட்டதைப் பிடுங்கிவிட வேண்டும். மறந்தால் நெல் தின்னும் சிறு குருவியான சில்லை அதிலேயே உட்கார்ந்து கதிரை உருவும். பலர் மறந்தார்கள். பழி பறவை மேல் விழுந்தது.

இனி வருத்தமான செய்தி. மார்கழியில் குஞ்சு இருந்த பெட்டி ஒன்றின் கீழே தாய்க்கூகை செத்துக் கிடந்தது. சுற்றிலும் புரோமடியலோன் என்ற எலி விஷக் கட்டிகள். அதைத் தின்ற எலி உடனே சாவதில்லை. நாலைந்து நாள் தள்ளாடிக்கொண்டு வெளியே திரியும். கூகைக்கு அதைவிடச் சுலபமான இரை கிடையாது. எலியின் ஈரலில் தங்கிய விஷம் கூகைக்குள் போகிறது. இன்னொரு எலி விஷமான துத்தநாக பாஸ்பைடு சில மணி நேரத்தில் கொல்லும் என்றாலும், பொரியில் கலந்து வரப்பில் இறைத்தால் புறாவும் மயிலும் தின்னும். வேறு வழியே இல்லையென்றால் வளைக்குள் வைத்து மண்ணால் மூடுங்கள். கட்டி கிடந்த வயல்கள் யாருடையவை என்று இங்கே சொல்லப்போவதில்லை. நம் உறுப்பினர் பதிவேட்டில் இல்லாத பெயர் எதுவும் அதில் இல்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

"ஒரு பறவை செத்தால் என்ன" என்றார் ஒருவர். சடாயு குண்டம் இருக்கும் புள்ளிருக்குவேளூர் (வைத்தீஸ்வரன் கோயில்) நம் படுகையில்தான் இருக்கிறது. பிணந்தின்னிக் கழுகைப் பார்க்க இன்று நீலகிரி அடிவாரத்து மோயாற்றுப் பக்கம் போக வேண்டும். மாட்டுக்குப் போட்ட டைக்ளோபினாக் என்ற வலி ஊசியால், அந்த மாடு செத்தபின் அதைத் தின்றதால் வந்த அழிவு அது. அம்மருந்தைக் கால்நடைக்குத் தடை செய்தது 2006இல். அதேபோல் கழுகைக் கொல்லும் கீட்டோபுரோபென், அசிக்ளோபினாக் இரண்டுக்கும் தடை 2023இல்தான் வந்தது. நிமெசுலைடுக்கு 2024 டிசம்பரில். கடையில் மாற்று மருந்து இருக்கும்போதே இவ்வளவு இழுத்தடிப்பு. எலிப்பாஷாணத்துக்கு யார் தடை கேட்கப்போகிறார்கள்? வடுவூர் 2022இல் ராம்சார் தலமானது, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது, மகிழ்ச்சி. ஆனால் ஏரிக்கரைக்குள் காவல், பறவை இரை தேடப் போகும் வயலில் வலையும் கண்ணியும். மடையான் என்ற குளத்துக் கொக்கின் கறி இன்னும் விற்கிறது. புகார் கொடுக்கப் போனபோது கையெழுத்துப் போட உடன் வந்தவர் ஒருவர்தான்.

வரவு செலவு: வரவு சந்தாவும் நன்கொடையும், செலவு பலகை, கம்பம், தகரம், வண்டி வாடகை, டீ. சிறிது பற்றாக்குறை இருந்தது, சரிக்கட்டப்பட்டது. எப்படி என்று பொருளாளரைத் தனியே கேட்கலாம். உறுப்பினரில் பாதிக்கு மேல் சந்தா பாக்கி. நூறு ரூபாய்க்கு மூன்று முறை வீடு தேடி வரச் சொல்வது நியாயமா என்று அவரவரே யோசிக்கட்டும்.

ஒலிபெருக்கி தந்தவர்க்கும், இடம் தந்த மண்டபத்தார்க்கும், கம்பம் நட இடம் விட்ட நிலக்காரர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இப்பொறுப்பை வேறொருவர் ஏற்றால் சாவி, பதிவேடு, ஏணி எல்லாவற்றையும் அன்றே ஒப்படைக்கிறேன். யாரும் வராவிட்டால் நானே தொடர்வதில் ஆட்சேபம் இல்லை. ஆடி முதல் ஞாயிறு காலை ஆறு மணிக்குக் காலியான பெட்டிகளைச் சுத்தம் செய்ய வேண்டும். ஏணி பதினாறு அடி. கீழே பிடிக்க இரண்டு பேர் தேவை.

செயலாளர்