உன் படத்தைப் பார்த்துவிட்டேன்

மன்னார்குடி
ஞாயிறு இரவு

மாப்ளே,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு மூட்டுவலி, பழைய கதை. கோந்துப் பயல் வீடு கட்டி முடித்துவிட்டான், வாசல்படி மட்டும் அவனைப் போலவே கோணல். இத்தனை மாதமாக உன் போனை ஏன் எடுக்கவில்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். முழுசாகப் படித்துவிட்டுத் திட்டு.

உன் படத்தைத் தியேட்டரில் பார்த்தேன் என்று சொன்னது பொய்.

போகாமல் இல்லை. இரண்டாம் நாள் பஸ் பிடித்துத் தஞ்சாவூர் போனேன். காலை 11 மணிக் காட்சி ஒன்றுதான் கொடுத்திருந்தார்கள். கவுண்டரில் என்னோடு சேர்த்து ஆறு பேர். "பத்துப் பேராவது வந்தாத்தான் சார் ஓட்டுவோம்" என்றார் டிக்கெட் கொடுப்பவர். அரைமணி நேரம் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு ஆள் வந்தார், கழிப்பறை எங்கே என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். காசைத் திருப்பிக் கொடுத்தார்கள். திங்கட்கிழமை படத்தையே தூக்கிவிட்டார்கள். அன்றைக்கு ராத்திரி நீ போன் பண்ணி "எப்படிடா இருக்கு?" என்று கேட்கிறாய். நான் என்ன சொல்ல? "சூப்பர்டா" என்றேன்.

நாலு வாரத்தில் ஓடிடியில் வந்துவிடும் என்று நம்பினேன். மூன்று ஓடிடிக்குச் சந்தா கட்டுகிறவன் நான், பிச்சைக்காரன் இல்லை. மூன்றிலும் உன் படத்தின் பெயரைத் தட்டிப் பார்ப்பது வாராவாரம் ஒரு வேலையாகிவிட்டது. தட்டினால், 'இதுவும் உங்களுக்குப் பிடிக்கலாம்' என்று ஏதோ கொரியன் சீரியலைக் காட்டும். 2024இல் மட்டும் தமிழில் 200 படங்களுக்கு மேல் வந்தன. தெரிந்த முகம் இல்லாத படத்தை இப்போது எவன் வாங்குகிறான்? உனக்குத் தெரியாததா.

போன வாரம் அக்கா மகனிடம் புலம்பினேன். இரண்டே நிமிஷத்தில் எடுத்துக் கொடுத்தான். அந்தத் திருட்டுத் தளத்தைப் பார்த்திருக்கிறாயா? டவுன்லோட் என்று நாலு இடத்தில் பச்சையாக மின்னுகிறது, நாலும் ரம்மி விளம்பரம். "மாமா, அதையெல்லாம் அமுக்காதீங்க" என்று கீழே பொடி எழுத்தில் கிடந்த ஒன்றைத் தொட்டான். 250 எம்பி, 700 எம்பி, 1.4 ஜிபி என்று அளவு வாரியாக வைத்திருக்கிறான் மாப்ளே, சட்டைக் கடை மாதிரி. டேட்டா தீர்ந்துபோன பையனுக்கும் ஒரு அளவு உண்டு. நம் ஆட்களில் யாராவது இப்படி யோசித்தார்களா?

முதல் நாளே பெரிய ஹீரோ படத்தைத் திருட்டில் பார்க்கிறவனுக்கு நான் வக்கீல் இல்லை. நாலு பேர் குடும்பத்தோடு போனால், டிக்கெட், பார்க்கிங், பாப்கார்ன் எல்லாம் சேர்த்து ஆயிரத்தைத் தாண்டுகிறது என்பான். அது கால்வாசி நியாயம்தான். ஆனால், காசு கையில் வைத்துக்கொண்டு கடை எங்கே என்று தேடுகிறவனையும் அதே கூண்டில் ஏற்றாதே. திருட்டு விசிடிக்காரர்களை 2004இல் குண்டர் சட்டத்தில் சேர்த்தார்கள். 2023இல் மத்திய அரசும் சினிமாச் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்தது, தியேட்டரில் கேமரா வைப்பவனுக்கு மூன்று வருஷம் வரை சிறை. வேண்டியதுதான். திருடன் கடையைப் பூட்டுவதற்கு ஆள் இருக்கிறது, நம் கடையைத் திறக்கத்தான் யாரும் இல்லை. 2012 கடைசியில் விஸ்வரூபத்தை டிடிஎச்சில், வீட்டு டிவியிலேயே காட்டுகிறேன் என்று கமல் சொன்னபோது தியேட்டர்காரர்கள் குதித்தார்களே, அன்றைக்கு டீக்கடையில் நீ யார் பக்கம் பேசினாய்? பி.டி. சார் சாட்சி.

சரி, உன் படத்துக்கு வருகிறேன். கேமரா பிரிண்ட். திரை சாய்ந்திருக்கிறது, மேலே சூதாட்ட விளம்பரம் ஓடுகிறது, இடது ஓரத்தில் ஒரு தலை. இருந்தும் ஒரே மூச்சில் பார்த்தேன். இரண்டாம் பாதி இழுவைதான், அதை நேரில் பேசுவோம்.

அந்த சைக்கிள் கடைக் காட்சி. யாரும் சிரிக்கவில்லை, வெட்டியிருக்க வேண்டும் என்று போனில் அழுதாயே? எந்த ஊர்த் தியேட்டரில் எடுத்தானோ தெரியாது, பம்பை இரவல் கேட்கிற இடத்தில் பின்னாலிருந்து ஒரு ஆள் சிரிக்கிறார். வாய்விட்டு, இருமல் வருகிற அளவுக்கு. வசனம் அதில் அமுங்கிப்போகிறது. நாலு தடவை பின்னால் தள்ளிக் கேட்டேன்.

அந்த ஒரு நிமிஷத்தை வெட்டி உனக்கு அனுப்பலாமா? குற்றமென்றால் சொல், அனுப்பவில்லை. உன்னிடம் நல்ல பிரிண்ட் இருக்கிறதா, அதுவும் தயாரிப்பாளர் ஆபீசோடு போய்விட்டதா? இருந்தால் தீபாவளிக்கு வரும்போது ஹார்டு டிஸ்க்கில் எடுத்து வா. டிக்கெட் காசு 120 கவரில் போட்டு வைத்திருக்கிறேன்.

உன்
குமாரு