உப்புவெளி கராஜுக்கு ஒரு மடக்கு மேசை

அன்பின் மச்சான்,

உன் கடிதமும் கராஜின் படமும் கிடைத்தன. இங்கே எல்லாரும் சுகம். மாரி இன்னும் விட்டபாடில்லை, வாடைக்காற்றில் கதவெல்லாம் ஊதி இறுகிப் போய்க் கிடக்கின்றன. பொங்கலுக்கு வந்து உப்புவெளி வீட்டில் மரத்தைக் கோணம் பார்த்துக் குறுக்கே அறுக்கும் 10 அங்குல மைட்டர் வாளுக்குச் சுவரில் மடக்கு மேசை அடிக்கப்போவதாக எழுதியிருந்தாய். நல்ல யோசனை. காரும் உள்ளே நிற்கலாம், வேலையும் நடக்கும். ஆனால் நீ கேட்டதெல்லாம் பலகையைப் பற்றித்தான். அதைக் கடைசியில் பார்க்கலாம். முதலில் மேசையைச் சுவரிலிருந்து தாங்கும் இரண்டு தாங்கிகளின் உயரத்தையும் சுவரையும் யோசி.

16 கிலோ வாளும் 9 கிலோ மேசையும் சுவரிலிருந்து 12 அங்குலத்தில் நிற்கின்றன என்று வை. 24 அங்குல விளிம்பில் ஒருவர் கை ஊன்றினால் இன்னும் 40 கிலோ. தாங்கிகள் 16 அங்குல உயரமானால் அவற்றின் மேல்முனைகள் இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 80 கிலோ விசையோடு சுவரை விட்டு வெளியே இழுபடும். நீ வரைந்த 10 அங்குலத் தாங்கியில் அது 125 கிலோவுக்கு மேலே போகிறது. பாரம் அதேதான், உயரம் குறைந்ததால்தான் இழுவை கூடுகிறது. ஆகவே 16 அங்குலத்துக்குக் குறையாதே.

சுவரில் முதலில் ஒரு சட்டகம்: மேலே 36 அங்குல நீளத்தில் 4க்கு 2 சட்டம், இரு முனையிலும் கீழ்நோக்கி 3 அங்குல அகலக் கால்கள். வைரமான முதிரை மரம் கிடைத்தால் அதுவே நல்லது, பிணைச்சல் ஆணியை விடாது. சட்டத்தின் தலையில் 4 அங்குல அகலமான பிளைவூட் பட்டையை அசையாதபடி பூட்டு. மடங்கும் பலகை இந்தப் பட்டையின் முன்விளிம்பில்தான் தொங்க வேண்டும். பலர் பலகையை நேரே சுவர்ச் சட்டத்தில் பூட்டிவிடுகிறார்கள். பிறகு மடித்த தாங்கிகளுக்குப் பின்னால் இடமில்லாமல் பலகை சாய்ந்து நிற்கும். சட்டத்தின் கனம் 2, மடிந்த தாங்கி ஒன்றரை, பிணைச்சல் கால் அங்குலம். கூட்டிப் பார், 4 அங்குலம் ஏன் என்று விளங்கும். பிணைச்சல் பலகையின் அடிப்பக்கத்தில் வர வேண்டும். மேலே வைத்தால் பலகை மடங்கவே மடங்காது, பின்விளிம்பு பட்டையில் முட்டும்.

தாங்கி கதவு போல உள்நோக்கி மடங்கும் முக்கோணம். நிமிர்ந்த கட்டை 16, கிடைக்கட்டை 16, சாய்கட்டை கீழ்மூலையிலிருந்து கிடைக்கட்டையின் நுனிக்கு. மூட்டுகளில் இரண்டு கட்டையையும் பாதிக் கனத்துக்கு வெட்டிப் பொருத்திப் பசையும் திருகாணியும் போடு, கம்பியாணி அதிர்வில் கழன்றுவிடும். பிணைச்சலைக் காலின் வெளிவிளிம்பிலிருந்து ஒன்றரை அங்குலம் உள்ளே வை. திறந்ததும் நிமிர்ந்த கட்டை காலோடு ஒட்டி நிற்கும், கீழே வரும் அழுத்தத்தை மரமே வாங்கிக்கொள்ளும். பிணைச்சல் மையங்களுக்கு இடையே இப்போது 33 அங்குலம் இருக்கும். இரண்டு தாங்கியும் மடிந்தால் 32. அந்த ஒரு அங்குலத்தைத் தின்றுவிடாதே, 18 அங்குலக் கிடைக்கட்டை வைத்தால் நடுவில் இரண்டும் மோதும். தாங்கி ஒன்றுக்கு 4 அங்குலப் பிணைச்சல் இரண்டு, மேலுள்ளது முடிந்தவரை உச்சியில்.

கிடைக்கட்டையின் மேற்பரப்பு பலகையின் அடியிலிருந்து 3 மில்லிமீற்றர் தாழ்ந்திருக்கட்டும். நுனி வந்து நிற்கும் இடத்தில் பலகையின் அடியில் 3 மில்லிமீற்றர் ஆப்பு ஒட்டு. தாங்கி அதில் ஏறும்போது மேசை மட்டத்துக்கு வரும். பின்னாளில் முன்விளிம்பு தொய்ந்தால் ஆப்பை மாற்றினால் போதும். தாங்கி தற்செயலாகத் தட்டுப்பட்டு மடங்காதிருக்க அடியில் ஒரு சின்னத் தாழ்ப்பாளும் வேண்டும். அதை விட்டுவிட்டு வாளைப் பூட்டாதே.

இனிச் சுவர். அது பழைய செங்கல்லா, பொள்ளல் சீமெந்துக் கல்லா? தட்டிப் பார்த்து எழுது. பொள்ளல் கல்லில், திருகாணி பிடிக்கத் துளையில் செருகும் றோல் பிளக் குழிக்குள் சுழலுமே தவிரப் பிடிக்காது. ட்ரில்லை ஹாமரில் போட்டுத் துளைத்தால் கல்லின் உட்புறம் உடைந்து விழும், வெளியே தெரியவும் மாட்டாது. அப்படியானால் 10 மில்லிமீற்றர் போல்ட்டைச் சுவரின் மறுபக்கம் வரை விட்டு, அங்கே 3 அங்குலத் தகடு வைத்து நட்டை முறுக்கு. சட்டத்துக்கு நாலு, ஒவ்வொரு காலின் அடியிலும் ஒன்று. செங்கல் என்றால் 10 மில்லிமீற்றர் விட்டமுள்ள நீளமான பிளக் போதும், ஆனால் துளை கல்லின் நடுவில் வரட்டும், சாந்து மூட்டில் வரக்கூடாது. பூச்சின் கனத்தைப் பிடிமானத்தில் சேர்க்காதே, பிளக் அதைத் தாண்டிப் போய் உட்கார வேண்டும்.

உப்புவெளிக் கடற்காற்றுக்குச் சாதாரண துத்தநாகப் பூச்சு ஆணி தாங்காது. 304 ரக எவர்சில்வரிலும் பழுப்புப் புள்ளி விழும். கடையில் 316 ரகம் கிடைத்தால் காசைப் பார்க்காதே, இல்லையென்றால் சூட்டில் தோய்த்த கல்வனைஸ். எவர்சில்வர் திருகாணி முதிரையில் முறியும். முதலில் துளை போட்டு, அதே அளவு இரும்புத் திருகாணியை ஏற்றிக் கழற்றிவிட்டு, பிறகு சவர்க்காரம் தடவி எவர்சில்வரை ஏற்று.

பலகைக்கு 18 மில்லிமீற்றர் மரைன் பிளைவூட், 36க்கு 20. முன்விளிம்பின் அடியில் ஒன்றரை அங்குலச் சட்டம் ஒன்று ஓடட்டும். வார்னிஷை இரண்டு பக்கமும் விளிம்பும் சேர்த்துப் பூசு. ஒரு பக்கம் மட்டும் பூசினால் மாரியில் வளைந்துவிடும். பொங்கல் காலத்து மரம் ஈரம் குடித்தது. கச்சான் அடிக்கத் தொடங்கினால் சட்டங்கள் சுருங்கி போல்ட்டுகள் தளரும், அப்போது ஒருமுறை எல்லாவற்றையும் முறுக்கிவிடு.

வாளை நாலு 8 மில்லிமீற்றர் போல்ட்டும் சிறகு நட்டும் போட்டுப் பூட்டு. மடிக்குமுன் கழற்றிக் கீழே வைத்துவிடு. வாளின் படுக்கை, அதாவது அறுக்கும் மரத்தை வைக்கும் தட்டு, தரையிலிருந்து 36 அங்குலத்துக்கு வரட்டும்: 36இலிருந்து படுக்கையின் உயரத்தைக் கழித்தால் மேசைமட்டம் வரும். கரண்ட் பிளக் பொயின்ற் மேசைக்கு மேலே இருக்கட்டும், கீழே வைத்தால் பலகை வயரை நசுக்கும்.

உன் வாள் பின்னால் தண்டு நீளும் வகையா என்று நீ எழுதவில்லை. அப்படியென்றால் 24 அங்குல ஆழம் போதாது, தாங்கியின் கிடைக்கட்டையிலிருந்து எல்லா அளவும் மாறும். வாளைப் பின்னுக்குத் தள்ளிவைத்து, அடித்தகட்டின் முன்விளிம்பிலிருந்து தண்டின் பின்முனை வரை அளந்து அனுப்பு. மரம் அறுக்கக் கொடுக்குமுன் அந்த அளவு எனக்கு வேண்டும்.

அன்புடன்,
உன் மச்சான்
திருகோணமலை