கண்ணாடியை மாட்டினால் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் பிரிட்டிஷ் ராணுவத்தின் ஸ்னைப்பர் (மறைந்திருந்து தொலைவில் குறிபார்த்துச் சுடுபவர்) துப்பாக்கிகளைப் பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். "சாதாரண த்ரீ நாட் த்ரீ ரைஃபிள் மேல் ஒரு தொலைநோக்கியை மாட்டினார்கள், ஸ்னைப்பர் துப்பாக்கி தயார்" என்று அதில் ஒரு வரி. இருபத்திரண்டு வருடம் ராணுவத்தில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பழுதுபார்ப்பவனாக, வேலை பார்த்தவன் நான். ஒரு வாரமாக அந்த வரி உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நீங்கள் சொல்வது நம்பர் 4 (டி) ரைஃபிளை. தொழிற்சாலையில் சுட்டுப் பார்க்கும்போது குண்டுகள் நெருக்கமாக விழுந்த ரைஃபிள்களைத்தான் அதற்குத் தனியே எடுத்து வைப்பார்கள். 1942 முதல் அவை லண்டனில் ஹாலண்ட் அண்டு ஹாலண்ட் பட்டறைக்குப் போயின. நம் மகாராஜாக்களுக்கு வேட்டைத் துப்பாக்கி செய்து கொடுத்த பட்டறை அது. அங்கே ரைஃபிளின் இடப்பக்கத்தில் இரண்டு இரும்புத் திண்டுகளைப் பொருத்தி, ஸ்கோப்பின் (அந்தத் தொலைநோக்கியின்) தாங்கி அவற்றில் மயிரிழையும் ஆடாமல் உட்காரும்படி செய்தார்கள். கன்னம் வைக்க, தோளில் ஊன்றும் பின்கட்டையான 'பட்'டின் மேல் ஒரு மரக்கட்டை. ஸ்கோப்பின் எண்ணை 'பட்'டின் கழுத்தில் அடித்துவிடுவார்கள். அந்த ரைஃபிளுக்கு அந்த ஸ்கோப்தான்.

1974இல் எங்கள் பட்டறைக்கு இப்படி இரண்டு ரைஃபிள்கள் வந்தன. நான் அப்போது புதுசு. துடைத்து எண்ணெய் போட்டுவிட்டு ஸ்கோப்புகளை மாற்றி மாட்டிவிட்டேன். ரேஞ்சில் 300 கஜத்தில் குண்டு ஒரு முழம் தள்ளி விழுந்தது. எங்கள் ஹவில்தார் அண்ணன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, 'பட்'டின் கழுத்தைக் கட்டைவிரலால் துடைத்து எண்ணைப் படித்தார். "ஜோடியைப் பிரிச்சிட்டியே தம்பி" என்றார். வேறெதுவும் திட்டவில்லை. மறுநாள் பொழுது சாயும்வரை கூடவே இருந்து இரண்டையும் மறுபடி ஜீரோ செய்ய, அதாவது ஸ்கோப்பில் குறிவைத்த இடத்திலேயே குண்டு விழும்படி சரிசெய்ய, வைத்தார். மாட்டினால் போதும் என்று எழுதியவர் அன்றைக்கு எங்களோடு இருந்திருக்க வேண்டும்.

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ்காரர்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாததல்ல. கிளிப்பில் கோத்த தோட்டாக்களை மேலிருந்து ரைஃபிளுக்குள் போட மேலே இடம் விட வேண்டும் என்று ஸ்கோப்பை இடப்பக்கம் தள்ளி வைத்தார்கள். பதுங்குகுழியின் இரும்புத் தகட்டில் இருந்த சின்னத் துளை வழியாகக் குழலை நீட்டினால் ஸ்கோப்புக்குத் தகடுதான் தெரிந்தது. அப்புறம் ஹெஸ்கெத் பிரிச்சர்ட் என்ற பிரிட்டிஷ் அதிகாரி 1916இல் பிரான்சில் தனிப் பள்ளியே வைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டி வந்தது. இதில் ஒரு வரிகூடக் கட்டுரையில் இல்லை.

பழைய நம்பர் 4 ரைஃபிள் இரண்டாம் உலகப் போருக்குப் பின் மியூசியத்துக்குப் போய்விட்டது என்றும் எழுதியிருக்கிறீர்கள். போகவில்லை ஐயா. 1970 வாக்கில் அதே போர்க்கால ரைஃபிள்களுக்குக் கனமான பேரல் போட்டு, 7.62 மி.மீ. தோட்டாவுக்கு மாற்றி, எல்42 என்று பெயர் வைத்தார்கள். 1982 ஃபாக்லாந்துப் போருக்கு அதைத்தான் கொண்டுபோனார்கள். அடுத்து வந்த எல்96 என்ற ஸ்னைப்பர் ரைஃபிளைச் செய்த கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவர் மால்கம் கூப்பர். 1984, 1988 என இரண்டு ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடுதலில் தங்கம் வாங்கியவர். சுடத் தெரிந்தவரே செய்த துப்பாக்கி. கட்டுரையில் அவர் பெயரைத் தேடித் தேடிப் பார்த்தேன்.

இது முதல் தடவை என்றால் பேசாமல் இருந்திருப்பேன். இரண்டு வருடம் முன்பு ".303 மி.மீ. தோட்டா" என்று போட்டீர்கள். அது அங்குலம். மில்லிமீட்டராக இருந்தால் குண்டூசி முனைக்குள் அடங்கிவிடும். எழுதினேன், பதில் இல்லை. போன வருடம் வினா விடைப் பகுதியில் ஸ்னைப்பர் என்பது ஜெர்மன் சொல் என்றீர்கள். அதற்கும் எழுதினேன். நம் ஏரிக்கரைகளுக்குக் குளிர்காலத்தில் வரும் உள்ளான் குருவியைத்தான் ஆங்கிலேயர் ஸ்னைப் என்பார்கள். வளைந்து வளைந்து பறக்கும் அதைச் சுட்டு வீழ்த்துவது இந்தியாவில் இருந்த வெள்ளைக்கார அதிகாரிகளின் பொழுதுபோக்கு. அதிலிருந்து வந்த சொல் அது. அந்தக் கடிதத்தையும் போடவில்லை. முப்பது வருடமாகச் சந்தா கட்டுகிறவன் என்பதற்காக இல்லை, சரியாக இருக்க வேண்டுமே என்றுதான் எழுதுகிறேன்.

இந்தக் கடிதத்தையும் போடாவிட்டால் பரவாயில்லை. 34ஆம் பக்கத்துப் படத்தை இடவலம் மாற்றி அச்சிட்டிருக்கிறீர்கள். அதை மட்டும் அடுத்த இதழில் சரியாகப் போடுங்கள். தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட்டின் கைப்பிடி வலப்பக்கம் இருக்கும், ஸ்கோப்பின் தாங்கி இடப்பக்கம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆர்மரர்,
வேலூர் மாவட்டம்.