அந்த ஏழு சார்ட்டும் காலியாகவே இருக்கட்டும்

அன்புள்ள கண்ணுவுக்கு,

உன் நர்சிங் ஆய்வுக் கட்டுரையைப் பற்றி நேற்று ராத்திரி போனில் அவசரமாகக் கேட்டுவிட்டு வைத்துவிட்டாய், எனக்கு அப்புறம் தூக்கமே வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

பணம் கட்டினால் ஐந்தே நாளில் கட்டுரையைப் போட்டுவிடுகிறோம் என்று மெயில் அனுப்பிய அந்த ஜர்னலுக்கு அனுப்பாதே. நல்ல ஜர்னல் என்றால், உன் துறை தெரிந்த இரண்டு மூன்று பேர் படித்து, இது ஏன் இப்படி, அந்தக் கணக்கு எங்கே என்று கேட்டு, நீ திருத்தி மறுபடி அனுப்ப மாதக்கணக்கில் ஆகும். கட்டணம் வாங்குவது தப்பில்லை, யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய நல்ல ஓப்பன் ஆக்சஸ் ஜர்னல்களும் வாங்குகின்றன. யாரும் படிக்காமலே போடுவதுதான் தப்பு. நர்சிங் இதழ் ஆசிரியர்களின் சர்வதேச அமைப்பான இனேன் நர்சிங் ஜர்னல்களின் பட்டியல் ஒன்று வைத்திருக்கிறது, அதில் தேடு. ஒரு நேரத்தில் ஒரு ஜர்னலுக்கு மட்டும் அனுப்பு.

சரி, என்னைத் தூங்கவிடாதது அது இல்லை. பெட் சோர் (படுக்கைப்புண்) வராமலிருக்க நோயாளிகளை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைத்ததைக் குறிக்கும் சார்ட்டில் ஏழு பேருக்கு இரவு நேரம் காலியாக இருக்கிறது, நிரப்பிவிடலாமா என்றாய் பார், அதுதான். நான் நைட் டூட்டி பார்த்த காலத்தில் நாற்பது பேர் படுத்திருந்த வார்டுக்கு நாங்கள் இரண்டே பேர், விடியற்காலை ஐந்து மணிக்கு உட்கார்ந்து பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு என்று மொத்தமாக டிக் போட்டிருக்கிறேன். ஒரு பாட்டிக்குப் பெட் சோர் வந்தது. சார்ட்டைப் பார்த்த டாக்டர், ஒழுங்காகத் திருப்பியும் வந்திருக்கிறதே, உடம்பில் சத்தில்லை என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன், வாய் திறக்கவில்லை. நீ நிரப்பினால் அதே பொய் கட்டுரையாகி, எங்கோ ஒரு ஐசியூவில் உன்னை நம்பும் நர்ஸ் கைக்குப் போகும். ஏழு பேருக்குத் தரவு இல்லை, ஏன் இல்லை என்று அப்படியே எழுது.

அச்சான பொய்யைத் திரும்பப் பிடிப்பது லேசில்லை. தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் முடிச்சுப் போட்ட வேக்ஃபீல்டின் கட்டுரை 1998-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது, வெறும் 12 குழந்தைகளை வைத்து. 2010-ல் அதைத் திரும்பப் பெற்றார்கள். 2017-ல் இங்கே தட்டம்மை-ரூபெல்லா முகாம் நடந்தபோது, "ஆட்டிசம் வருமாமே சிஸ்டர்" என்று பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு அம்மா என்னிடம் கேட்டாள்.

அப்புறம், கட்டுரையாசிரியர்களில் ஒருவராக உன் துறைத் தலைவர் (ஹெச்.ஓ.டி.) பெயரைப் போடுவது. ஆய்வில் உருப்படியான பங்கு, எழுத்திலோ திருத்தத்திலோ பங்கு, கடைசி வடிவத்துக்குச் சம்மதம், கேள்வி வந்தால் பதில் சொல்லும் பொறுப்பு, இந்த நான்கும் இருந்தால்தான் கட்டுரையாசிரியர் என்பது மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழுவான ஐசிஎம்ஜேஇ-யின் விதி. அதை அவரிடமே மரியாதையாகக் காட்டு. ராத்திரி கண்விழித்து உனக்காகச் சார்ட் எழுதிய ஸ்டாஃப் நர்ஸ்களை நன்றிப் பகுதியில் விட்டுவிடாதே.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடு, அந்த ஏழு பேரைப் பற்றிய பத்தியைச் சேர்ந்தே எழுதுவோம்.

அம்மா