தம்பிக்கு: கால் எப்போதோ ஆறிவிட்டது

தம்பி,

நேற்று இரவு என் அறை வாசலில் நின்றுகொண்டு, "நான் போகலாமா, அக்கா?" என்று கேட்டாய். "போ" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன். நான் கோபித்துக்கொண்டதாக நினைத்திருப்பாய். கோபமும் இருந்தது. ஆனால் சனிக்கிழமை பனித்தளத்தில் உன் புது நடன இணையாக நீ பார்க்கப்போகும் அந்தப் பெண்மீது இல்லை.

எல்லோரும் பார்க்கும் இந்த இடத்தில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. பனியில் சறுக்கியபடி நாம் ஜோடியாக ஆடிய ஐஸ் டான்ஸிலிருந்து "கால் ஆறும்வரை ஓய்வு" என்று இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நான் அறிவித்தது இங்கேதான். சித்தி, மாமா, ஸ்கார்பரோவில் நம்மைத் தெரிந்தவர்கள் எல்லோரும் நலம் பெற வாழ்த்தியதும் இங்கேதான். பொய்யைச் சொன்ன இடத்திலேயே அதைத் திருத்தவும் வேண்டும். எனக்குத் தமிழ் எழுத அம்மம்மா கற்றுத்தந்தார். உன் முறை வருவதற்குள் நம் சனிக்கிழமைகள் பனித்தளத்துக்குப் போய்விட்டன. நீ எழுத்துக்கூட்டித்தான் படிக்கவேண்டும். அவசரமில்லை, மெதுவாகப் படி.

என் பாத எலும்பில் விழுந்த கீறல் எட்டு வாரத்தில் ஆறிவிட்டது. மருத்துவர் படத்தைக் காட்டி, இனிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பயிற்சியைத் தொடங்கலாம் என்றார். நான் வீட்டுக்கு வந்து, இன்னும் வலிக்கிறது என்றேன். அடுத்த மாதமும் அதையே சொன்னேன். அதற்குப் பிறகு நீங்கள் யாரும் மருத்துவரைப் பற்றிக் கேட்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை.

ஏன் என்று இங்கே முழுவதும் எழுதமுடியாது. என் எடையைப் பற்றி ஓர் அறையில் ஒரு வாக்கியம் சொல்லப்பட்டது. யார் சொன்னார், எந்த ஆண்டு என்பதெல்லாம் வேண்டாம். வீட்டில் தனியாகக் கேள், சொல்கிறேன். அந்த நாளுக்குப் பிறகு, நீ என்னைத் தூக்கும் ஏழு விநாடியும் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ பல்லைக் கடிக்கிறாயா என்று மட்டும்தான் பார்த்தேன். இசை காதில் விழவே இல்லை. எலும்பில் கீறல் என்று தெரிந்த அன்று அம்மா அழுதார். எனக்கு விடுமுறை கிடைத்த நிம்மதி. இதைச் சொல்ல எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

உன்னிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று ஒரு நாள் கிளம்பி வந்தேன். உனக்கு அது தெரியாது. ஜனவரி மாதம், விடிவதற்கு முன். அப்பாவின் காரில் நீ முன்னால் போய்விட்டாய், நான் பஸ் பிடித்து வந்தேன். உள்ளே நுழைந்ததும் அந்த மணம், ஈர ரப்பர் விரிப்பும் குளிரும் கலந்த மணம், என்னைக் கண்ணாடிக்குப் பின்னாலேயே நிறுத்திவிட்டது. தளத்தில் நீ மட்டும். நாம் சேர்ந்து ஆடும் ஸ்டார்லைட் வால்ட்ஸ் நடனத்தின் இசை ஓடிக்கொண்டிருந்தது. இடது கையில் மச்சானின் ஹாக்கி மட்டை. வலது கை என் தோள்பட்டை இருக்கவேண்டிய உயரத்தில் காற்றை அணைத்திருந்தது. உயரம் துல்லியமாக இருந்தது. எனக்கு அப்போதே தொண்டை அடைத்தது.

பிறகு நீ தூர மூலைக்கு வந்தாய். அந்த மூலையில் என் திருப்பம் எப்போதும் சற்றுப் பிந்தும். எத்தனை ஆண்டுகள், எத்தனை பேர் திருத்தியும் சரியாகவில்லை. நீ அங்கே வேகத்தைக் குறைத்தாய். யாரும் இல்லாத இடத்துக்காக, நான் திரும்பி முடிக்கும்வரை நின்று, அதன் பிறகு இசையைத் துரத்திப் பிடித்தாய். அடுத்த சுற்றிலும் அதே மூலையில் அதே தாமதம். நான் இல்லாத நடனத்தில் என் பிழையைக்கூட விடாமல் வைத்திருந்தாய்.

நான் திரும்பி நடந்துவிட்டேன். டிம் ஹோர்ட்டன்ஸ் காப்பிக் கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அன்று சொல்லியிருந்தால் உனக்கு ஒன்றரை ஆண்டு மிஞ்சியிருக்கும். மன்னித்துவிடு.

மன்னிப்புக் கேட்ட கையோடு இதையும் சொல்லவேண்டும். அந்த ஹாக்கி மட்டை யோசனை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். கனடாவின் ஐஸ் டான்ஸ் ஜோடியில் 2008இல் டெஸ்ஸா வெர்ச்சுவின் காலில் அறுவைச் சிகிச்சை நடந்தபோது, அவருடைய இணை ஸ்காட் மொயர் அவருக்குப் பதிலாக மணல் மூட்டையையும் ஹாக்கி மட்டையையும் வைத்துக்கொண்டு தனியாகப் பயிற்சி செய்தார். அடுத்து வந்த 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் அவர்களுக்குத் தங்கம். 2014க்குப் பிறகு இரண்டு பருவங்கள் விலகியிருந்து மீண்டும் வந்தார்கள், 2018இல் மறுபடியும் தங்கம். இந்தக் கதையை நீ எனக்கு எத்தனை முறை சொல்லியிருப்பாய்! அந்த அறுவைச் சிகிச்சைக் காலத்தில் இருவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாமல் போனதை அவர்களே பின்னாளில் சொன்னார்களே, அந்தப் பகுதியை மட்டும் நீ ஒருமுறைகூடச் சொன்னதில்லை. நாமும் அப்படித்தான் இருந்தோம். "கால் எப்படி?" என்று தினமும் கேட்டாய். காலைத் தவிர வேறு எதையும் கேட்கவில்லை. என்னிடம் விசாரிக்க வேறு எதுவும் உனக்குத் தோன்றவில்லையா?

2025 மார்ச்சில் பாஸ்டனில் அமெரிக்க ஃபிகர் ஸ்கேட்டிங் வீராங்கனை அலிசா லியு உலகப் பட்டம் வென்ற அன்று என் கைபேசி நிறைந்துவிட்டது. பதினாறு வயதில் விலகிய பெண் திரும்பி வந்து வென்றாள், நீயும் வரலாம் என்று ஆளாளுக்கு அனுப்பினார்கள். அன்போடுதான் அனுப்பினார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் லியு, விலகுகிறேன் என்று 2022இல் வெளிப்படையாக அறிவித்துவிட்டுத்தான் போனார். தனியாக ஆடுபவர் அவர். காற்றை அணைத்துக்கொண்டு அவருக்காக யாரும் சுற்றிவரவேண்டியிருக்கவில்லை. பிறகு நீ அனுப்பியது, அமெரிக்க ஐஸ் டான்ஸ் ஜோடியான ஷிபுடானிகள் பற்றிய செய்தி. அக்கா தம்பிக்குப் பதில் அண்ணன் தங்கை, மற்றபடி நம்மைப் போலத்தான் என்று எழுதியிருந்தாய். இல்லை, தம்பி. அவர்கள் 2018 ஒலிம்பிக் வெண்கலத்துக்குப் பிறகு சேர்ந்தே நிறுத்தினார்கள். திரும்புவதாக 2025இல் அறிவித்ததும் சேர்ந்தேதான். இரண்டு பேர் சேர்ந்து ஓய்வெடுத்தால் அது ஓய்வு. ஒருத்தி மட்டும் எடுத்தால் மற்றவனுக்கு அது தண்டனை.

உன்னைக் காத்திருக்கச் சொன்னது யார்? ஐஸ் டான்ஸில் பையன்கள் எவ்வளவு குறைவு என்று உனக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மூன்று நகரங்களிலிருந்து பெண்கள் வந்திருப்பார்கள். நீ சொல்லவில்லை. மேசையில் எதிரே உட்கார்ந்து, குறை எதுவும் சொல்லாமல் சோறு சாப்பிட்டாய். நீ ஒருமுறை கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், எல்லாம் அன்றே வெளியே வந்திருக்கும்.

இப்படி எழுதுவது நியாயமில்லை என்று தெரிகிறது. ஆனாலும் அழிக்கமாட்டேன்.

ஏனென்றால் நானும் காத்திருந்தவள்தான். எனக்குப் பதின்மூன்று, உனக்குப் பதினொன்று. நான் உன்னைவிட ஒரு சாண் உயரம். உன்னால் என்னைத் தரையிலிருந்து நகர்த்தக்கூட முடியாது. வேறு இணையைத் தேடு, இல்லையென்றால் உன் நல்ல ஆண்டுகள் வீணாகும் என்று எனக்குச் சொன்னார்கள். நீ வளரும்வரை மூன்று பருவங்கள், தூக்கல் இல்லாத நடனங்களை மட்டும் ஆடிக்கொண்டிருந்தேன். உன் காலணியின் கயிற்றை நான்தான் இறுக்கிக் கட்டுவேன், நீ என் தலையைப் பிடித்துக்கொண்டு நிற்பாய். அந்த மூன்று பருவங்களை ஒருநாளும் தியாகமாக நினைத்ததில்லை. நீ திருப்பிக் கொடுப்பாய் என்றும் நினைக்கவில்லை. நீ கொடுத்தபோதுதான், அது எவ்வளவு கனமானது என்று தெரிந்தது.

நான் திரும்பி வரமாட்டேன். "ஓய்வு" என்ற சொல்லை இன்றோடு எடுத்துவிடுகிறேன். இதை அம்மாவிடம் நேற்றே சொல்லிவிட்டேன். அவர் இரவு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அவனுக்குச் சொல்லிவிட்டாயா?" என்று மட்டும் கேட்டார்.

சனிக்கிழமை நான் காரை ஓட்டுகிறேன், அப்பா தூங்கட்டும். வாசலில் இறக்கிவிடுவேன், உள்ளே வரமாட்டேன். ஹாக்கி மட்டையை மச்சானிடம் திருப்பிக் கொடுத்துவிடு. அந்தப் பெண் ஸ்டார்லைட் கேட்டால் ஆடு. ஆனால் தூர மூலையில் மெதுவாகாதே. அவள் அங்கே பிந்தமாட்டாள்.

அக்கா