நம்ம ப்ளோக் தமிழர் சங்கம், சிங்கப்பூர்: 2025 ஆண்டறிக்கை (செயலாளர்)

அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். பொதுக்கூட்டத்துல பாதி வாசிக்கும்போதே சாப்பாடு வந்து எல்லாரும் எழுந்துட்டீங்க, அதனால முழுசா இங்க போடுறேன்.

பொங்கல் வாய்ட் டெக்ல, அதான் ப்ளோக் கீழ்த்தளத்துல இருக்குற திறந்த இடத்துல, நல்லா நடந்துச்சு. ஏப்ரல்ல தமிழ்மொழி விழாவுக்கு பிள்ளைங்க திருக்குறள் ஒப்பிச்சாங்க. முதியோர் இல்லத்துக்கு பலகாரம் கொடுத்தோம்.

இப்ப நம்ம சங்கத்துல வச்ச கழிவுநீர் பேச்சு நிகழ்ச்சி பத்தி. போன தீபாவளி மறுநாள் கீழ்மாடி அக்கா வீட்டு சிங்க்ல அழுக்குத்தண்ணி மேல ஏறி வந்துச்சு, பைப்பை கழட்டினா உள்ள மெழுகு மாதிரி எண்ணெய். முறுக்கு சுட்ட எண்ணெய்தான். மேல இருக்குற நாம எல்லாரும் ஊத்துறது, நானும்தான் ஊத்தியிருக்கேன். பிடோக்ல இருந்த நியூவாட்டர் (கழிவுநீரை சுத்திகரிச்சு எடுக்குற தண்ணி) காட்சிக்கூடத்துக்கு எல்லாரையும் கூட்டிட்டு போலாம்னா அதையும் 2024-ல மூடிட்டாங்க. அதான் கழிவுநீர் நிலையத்துல ரொம்ப வருஷம் ஆப்பரேட்டரா இருந்து ரிட்டையரான நம்ம உறுப்பினர் அண்ணனையே பேச சொன்னேன்.

60 நாற்காலி போட்டேன், வந்தது 17 பேர். பொங்கல் சாப்பாட்டுக்கு நூத்துக்கு மேல வந்தீங்க. மனசு கஷ்டமாத்தான் இருந்துச்சு. வராதவங்களுக்காக அண்ணன் சொன்னதை எழுதுறேன்.

நம்ம ஊர்ல 1987 வரைக்கும் வாளி கக்கூஸ் இருந்துச்சு, மனுஷங்கதான் வாளியை தூக்கிட்டு போனாங்க. இப்ப கிராஞ்சியிலேருந்து சாங்கி வரைக்கும் 48 கிலோமீட்டர் கழிவுநீர் சுரங்கம், சரிவுலயே தண்ணி தானா ஓடுது, சாங்கி நிலையத்துல பம்ப் வச்சு மேல தூக்குறாங்க. சின்ன ஊர் நிலையமா இருந்தாலும் பெருசா இருந்தாலும் அடிப்படை வேலை ஒண்ணுதான்னு அண்ணன் சொன்னாரு. முதல்ல கம்பி சல்லடை, துணி, பிளாஸ்டிக், வெட் வைப்ஸ் எல்லாம் அங்க நிக்கும். அடுத்து மணல் அடியில தங்கும். அப்புறம் பெரிய தொட்டியில தண்ணி மெதுவா நகரும், சேறு கீழ போகும், எண்ணெய் மேல மிதக்கும், வழிச்சு எடுக்கணும்.

அடுத்ததுதான் முக்கியம். காத்து ஊதுற தொட்டி. அதுல இருக்குற கிருமிங்கதான் கரைஞ்ச அழுக்கை தின்னு வளருது, காத்து நின்னா அதுங்க செத்துடும், அதனால கரண்ட் செலவுல பெரும்பங்கு இந்த காத்துக்கே போகுதாம். அப்புறம் கிருமிங்க கட்டியா சேர்ந்து அடியில உக்காரும், அதுல ஒரு பங்கை திரும்ப முன் தொட்டிக்கே அனுப்புவாங்க, நம்ம வீட்டுல தயிருக்கு உறை ஊத்துற மாதிரி. மிச்ச சேறு காத்து புகாத சூடான தொட்டிக்கு போகும், அங்க வர்ற வாயுவுல கரண்ட் எடுக்குறாங்க. தெளிஞ்ச தண்ணி ஒரு பங்கு கடலுக்கு, ஒரு பங்கு நுண்வடிகட்டி, ரிவர்ஸ் ஆஸ்மோசிஸ் (தண்ணியை அழுத்தி ரொம்ப நுண்ணிய சவ்வு வழியா அனுப்புறது), புற ஊதாக்கதிர் மூணையும் தாண்டி நியூவாட்டரா வருது, 2003-லேருந்து. பெயிண்ட், தின்னரெல்லாம் சிங்க்ல ஊத்தாதீங்க, அந்த கிருமிங்க தாங்காதுன்னு சொல்லும்போது அண்ணன் குரலே மாறிடுச்சு, முப்பது வருஷம் வளர்த்தவர் இல்லையா.

கணக்கு: வரவும் செலவும் ஏறக்குறைய சரியா இருக்கு, கையிருப்பு கொஞ்சம்தான், விவரம் பொருளாளர் அண்ணன்கிட்ட இருக்கு. சந்தா வருஷத்துக்கு 24 வெள்ளிதான், பாதி பேருக்கு மேல இன்னும் கட்டல, ரெண்டு வருஷமா கட்டாதவங்களும் இருக்காங்க. பேச்சுக்கு ப்ரொஜெக்டர் வாடகை, தண்ணி பாட்டில் எல்லாம் நானே போட்டேன், திருப்பி கேக்கல.

உதவுன தொண்டூழியர்களுக்கும், சமையல் பார்த்த அக்காமாருக்கும், ஹால் கொடுத்த சமூக மன்றத்துக்கும் நன்றி.

அடுத்த வருஷம் நானே செயலாளரா இருக்கணும்னு இல்ல, யார் வந்தாலும் ஃபைல் தயாரா இருக்கு. ஆனா தீபாவளிக்கு பலகாரம் சுட்ட எண்ணெயை சிங்க்ல ஊத்தாம சேகரிக்குறதை மட்டும் விட்டுடாதீங்க. ஆறின எண்ணெயை பாட்டில்ல மூடி வாய்ட் டெக்குக்கு கொண்டு வந்தா போதும். ட்ராலி தள்ள ரெண்டு பேர் வேணும், பேர் கொடுக்குறவங்க அப்படியே சந்தாவையும் கொடுத்துடுங்க.